பீரங்கிக்குள் விட்ட குச்சி

மகளே ரஹீமா, மகனே சாதிக்,

நீங்கள் அனுப்பிய போட்டோ வந்தது. பீரங்கி நன்றாக இருக்கிறது. அளவு தெரியட்டும் என்று சாதிக் தன் செருப்பைப் பக்கத்தில் வைத்திருப்பதையும் பார்த்தேன். அடுத்த முறை வேறு எதையாவது வைக்கவும். கஸ்டமருக்கும் அதே போட்டோதான் போகும்.

"அத்தா, இது பழசா டூப்பா, சீக்கிரம் சொல்லுங்க" என்று ரஹீமா கேட்டிருக்கிறாய். போட்டோவைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லிவிடுவேன் என்கிறவர்களை நம்பவும் வேண்டாம். இதைப் படித்து முடிக்கும்வரை அதன் பக்கத்தில் நெருப்போ கிரைண்டரோ சுத்தியலோ போகக் கூடாது. அதன் வாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. செருப்பை எடுக்கப் போகும்போதும் பக்கவாட்டில் போய் எடுக்கவும்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது, ஏனென்றால் நான் அங்கே இருந்தேன்.

முன்பு ஒரு தடவை நம் பழைய சாமான் கடைக்கு இதே மாதிரி ஒரு பீரங்கி வந்தது. நீங்கள் இருவரும் அப்போது காலேஜில் இருந்தீர்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் அம்மா கடையை மூடச் சொல்லியிருப்பாள்.

மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளி பழைய டீசல் என்ஜினை விற்கக் கூப்பிட்டார். போனேன். பாத்திகளுக்கு நடுவே அவருடைய கொட்டகை. கடல் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு சின்னப் பீரங்கியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இருக்கும் நீளம். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம்.

"இது ஏதுங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பா காலத்துல பழைய இரும்போட வந்துது பாய். அதையும் எடுத்துட்டுப் போங்க, கால்ல இடிக்குது."

எடுத்துக்கொண்டு வந்தேன். இதுவரை எந்தத் தப்பும் இல்லை.

நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இரும்பைப் பார்த்தால் முதலில் துருவைத்தான் பார்ப்பார்கள். ஏடு ஏடாக உரிந்து வந்தால் இருநூறு வருஷம் என்று சொல்லிவிடுவார்கள். வேறு ஊரில் அது சரியாக இருக்கலாம். உப்பளக் கரையில் துருவுக்கு வயது கிடையாது. உங்கள் சித்தப்பா புதிதாக வாங்கிய பைக்கை அங்கே வேலைக்குப் போக வரப் பயன்படுத்தினார். இரண்டு மழைக்காலம் கழித்து அதைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது, இடையஞ்சாவடிப் பக்கம் குடியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் செயின் கவரைத் தடவிப் பார்த்து, இது எந்தக் காலத்துச் சாமான் என்று என்னைக் கேட்டார். சித்தப்பா விற்கத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் தடுத்தேன்.

அதனால் துருவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார்த்தேன். பீரங்கி என்றால் ஏதாவது முத்திரையோ எழுத்தோ எண்ணோ இருக்க வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. வண்டியில் உட்காருவதற்கு இரண்டு பக்கமும் கை மாதிரி முளை இருக்க வேண்டும். அதுவும் இல்லை. பின்பக்கம் உருண்டையாகக் குமிழ் வைத்து முடிந்திருக்க வேண்டும். இதற்கோ சட்டியின் அடி மாதிரி தட்டையாக இருந்தது. வாயில் உப்பும் மண்ணும் கல்லாக இறுகியிருந்தது. உப்பளத்தில் கிடந்த சாமானில் உப்பு இருப்பது ஒரு அதிசயமா?

ஓட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்துவதற்காக யாரோ வார்த்தது, நிற்க வைக்க வசதியாக அடியைத் தட்டையாக விட்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். டூப்பு. எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமே இல்லாமல் இருந்ததைத்தான் நீங்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் திவ்யா என்று ஒரு பெண் வந்தாள். கடற்கரையில் புதிதாகத் திறக்கப் போகும் ரிசார்ட்டுக்கு அவள்தான் மேனேஜர். அவளுடைய முதலாளி சென்னையில் இருந்தார். நான் கடைசிவரை அவரைப் பார்க்கவில்லை, அவருடைய குரலை மட்டும் நிறையக் கேட்டேன்.

"அங்கிள், இது ஒரிஜினலா?"

"இல்லம்மா. டூப்பு. ஏதோ பட்டறையில ஊத்தினது."

"எங்க சார் கெஸ்ட்கிட்ட ஒரிஜினல்னுதான் சொல்வாரு."

"அது அவரு இஷ்டம். பில்லுல நான் டூப்புன்னுதான் எழுதுவேன்."

அவள் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். "நீங்க இவ்ளோ அழுத்தி டூப்புங்கிறதாலதான் அவருக்கு டவுட்டே வருதாம். ஒரிஜினல்னு தெரியாம நீங்க விக்கறீங்கன்னு நெனைக்கிறாரு. உடனே முடிக்கச் சொல்லிட்டாரு."

பீரங்கியைச் சக்கர வண்டியில் ஏற்றி, திறப்பு விழாவுக்குள் வாசலில் நிறுத்த வேண்டும். வாய்க்குள் ஒரு சிவப்பு லைட் எரிய வேண்டும். அதற்காக வாயில் இறுகியிருந்த உப்பைக் கடையிலேயே கொத்தி எடுத்துவிட்டேன். திறப்பு விழா மறுநாள் காலை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சாமான் என்றால் அதன் உடம்பில் வெல்டிங் ராடு படவே கூடாது என்பது நம் கடைப் பழக்கம். பட்டை போட்டுக் கட்டுவோம், மரத்தில் பள்ளம் வெட்டி உட்கார வைப்போம். டூப்புக்கு அந்த மரியாதை கிடையாது. பக்கத்துக்கு ஒரு இரும்புத் துண்டை நேராக ஒட்டிவிடலாம். நான் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான் பீரங்கி எழுமலையின் பட்டறைக்குப் போனது.

எழுமலையை உங்களுக்குத் தெரியும். மரக்காணம் போகும் ரோட்டில் வெல்டிங் பட்டறை. நம் கடைச் சாமான்களுக்கு உடைந்த கால், கழன்ற கை எல்லாம் அவன்தான் ஒட்டுவான். நான் ஒன்றைப் பாதுகாப்பானது என்று சொன்னால் அதற்குமேல் அவன் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. பீரங்கியைத் தரையில் படுக்க வைத்து, மெஷினின் எர்த் கிளாம்பை எடுத்து அதன் உடம்பில் கவ்வ விட்டான். ராடை மாட்டிக் கண்ணாடியை இறக்கினான். கரண்ட் போய்விட்டது.

"நம்ம ராசி பாய்" என்றான்.

காத்திருந்தோம். ரிசார்ட் மினி லாரி ரோட்டோரம் நின்றது. திவ்யா வாட்சைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தாள். டீ வந்தது. எழுமலை பீரங்கியின் மேலேயே இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்தான். "ராஜா மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டு ஒரு பீடியையும் பற்ற வைத்தான்.

சும்மா இருக்க முடியாமல் திவ்யா லைட் ஒயரை எடுத்து, பின்பக்கம் மேலே திரி வைப்பதற்காக இருக்கும் சின்ன ஓட்டை வழியாக உள்ளே விடப் பார்த்தாள். போகவில்லை. தலையிலிருந்து கிளிப்பை எடுத்துக் குடைந்தாள். நுனியில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"அங்கிள், இது மெழுகு."

வாங்கிப் பார்த்தேன். மெழுகுதான்.

"டூப்புன்னா எதுக்கு அங்கிள் ஓட்டையை மெழுகு வெச்சு அடைக்கணும்?"

அவள் ஏதோ யோசித்துக் கேட்கவில்லை. ஒயர் போகாத எரிச்சலில் கேட்டாள். ஆனால் நான் ஒரு வாரம் வைத்திருந்தும் கேட்காத கேள்வி அது. உப்போ மண்ணோ தானாகப் போய் அடைத்துக்கொள்ளும். மெழுகு தானாகப் போகாது. மழை இறங்கக் கூடாது என்று ஒருவர் மெனக்கெட்டு வைத்திருக்கிறார். உள்ளே நனையக் கூடாத ஏதோ இருந்தால்தானே வைப்பார்?

"எழுமல, அந்தப் பீடியை அணை."

"ஏன் பாய், நோன்பு வந்துடுச்சா?"

"நோன்பு இல்ல. நீ அணை. அதும்மேலருந்து எழுந்திரு."

அவன் பீடியைத் தரையில் தேய்த்துவிட்டு எழுந்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "டூப்புன்னு நீதானே சொன்ன?"

பட்டறை மூலையில் மூங்கில் குச்சி ஒன்று கிடந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து அதை மெதுவாக வாய்க்குள் விட்டேன். முட்டி நின்றது. வாய் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அளவு பிடித்து வெளியே எடுத்து, அதே குச்சியைப் பீரங்கியின் முதுகில் வைத்துப் பார்த்தேன். உள்ளே காலியாக இருந்தால் குச்சியின் நுனி திரி ஓட்டை வரைக்கும் வர வேண்டும். ஒரு சாண் குறைந்தது.

"டூப்புன்னா இப்டித்தான் பாய்" என்றான் எழுமலை. "வாயை மட்டும் கொஞ்சம் தோண்டிட்டு விட்ருவான். உள்ள பூரா குடையணும்னா கூலி யார் குடுக்கிறது? நகரு, கரண்ட் வந்துடும்."

அவன் சொன்னது நியாயம். இதுதான் நம் தொழிலின் சங்கடம். குறைந்த அந்த ஒரு சாண், டூப்பு என்பதற்கும் சாட்சி சொல்லும். உண்மையான குழாய், உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்பதற்கும் சாட்சி சொல்லும். நான் எந்தப் பக்கம் போகலாம்? ஒரு பக்கம் போனால் விழா நடக்கும், வண்டி கிளம்பும், நான் டூப்பு என்று சொன்ன சொல்லும் நிலைக்கும். இன்னொரு பக்கம் போனால், ஒரு பைத்தியக்காரன் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டான் என்று ஆகும். தப்பான பக்கம் போனால் எழுமலை இருக்க மாட்டான். பக்கத்தில் நிற்கும் அந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள். மெஷின் சுவிட்ச் ஆனில் இருந்தது. கிளாம்ப் கவ்வியபடி இருந்தது. கரண்ட் வந்தால் எழுமலை ஒரு நிமிஷம் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

குச்சியின் நுனியைப் பார்த்தேன். உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதற்குமேல் சாம்பல் நிறச் சேறு. இரண்டும் உப்பளத்துச் சரக்கு. ஆனால் கடைசி நுனியில், நகத்தளவு, சிவப்பாக இருந்தது. துருவாக இருக்கலாம் என்று விரலில் தேய்த்தேன். துரு மாவு மாதிரி குழையும். இது நறநறவென்றது.

"எழுமல, கையை நீட்டு."

அவன் உள்ளங்கையில் தட்டினேன். பார்த்தான். விரலால் உருட்டினான். சிரிப்பு போய்விட்டது.

"செங்கல் தூளு."

"உப்பளத்துல செங்கல் ஏதுடா?"

"பாய்... எங்க அம்மன் கோயில் திருவிழால வேட்டு கெட்டிக்கிறப்ப மருந்துக்கு மேல இதைத்தான் போட்டு இடிப்பாங்க."

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் பள்ளிவாசலிலும் அப்படித்தான். நோன்பு திறக்கிற நேரம் ஊருக்குத் தெரிய வேட்டுப் போடுவார்கள். இரும்புக் குழாயை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து, மருந்தைக் கொட்டி, மேலே செங்கல் தூளை இடித்து இறுக்குவார்கள். நிமிர்த்தி வைக்கத்தான் அடி தட்டை. வண்டியில் ஏறாத சாமானுக்குப் பக்கத்தில் முளை எதற்கு? சண்டை போடாத சாமானுக்கு முத்திரை எதற்கு? நான் டூப்பு என்பதற்காக எடுத்து வைத்த காரணங்கள் எல்லாம் அப்படியே இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டன.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மெஷின் உறுமியது.

மூன்று பேரும் அசையவில்லை. பிறகு எழுமலை செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்து போய் மெயினை அணைத்தான். திரும்பி வந்து இரண்டு கையாலும் கிளாம்பை விரித்து எடுத்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து என்னையும் என் வம்சத்தையும் திட்டினான். வம்சம் என்றால் நீங்களும் சேர்த்திதான். அன்று உங்களுக்கு விழுந்ததை இங்கே எழுத முடியாது.

நாங்களும் ரோட்டைத் தாண்டினோம். திவ்யாவின் போனில் முதலாளி பேசினார்.

"என்ன பிரச்சனை? ஒரிஜினலா டூப்பா, அதை முதல்ல சொல்லுங்க."

"ரெண்டும் இல்லங்க. வேட்டுக் குழாய். உள்ள மருந்து இருக்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா? டூப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேங்க. தப்பு."

பிள்ளைகளே, கஸ்டமர் எதிரில், வேலை செய்கிற ஆள் எதிரில், வண்டி காத்திருக்கும்போது இந்த ஒரு சொல்லைச் சொல்வது கஷ்டம். வாய் வரைக்கும் வந்து, வேறு சொல்லாக மாறப் பார்க்கும். 'எதுக்கும் ஒரு தடவை பார்த்துக்கலாம்' என்று ஆரம்பிக்கத் தோன்றும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர், 'பார்த்தாச்சு இல்ல, ரெண்டு இடத்துல ஒட்ட வெச்சுட்டு அனுப்புங்க' என்றிருப்பார். தப்பு என்று சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்தது. போனை வைத்துவிட்டார்.

"சார் ரொம்ப கோவமா இருக்காரு" என்றாள் திவ்யா.

"நீ எப்படிம்மா இருக்க?"

"நான் அதை கிளிப்பால குடைஞ்சேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

"பீரங்கியா? யாரு யாரைச் சுடுறாங்க?"

"யாரும் சுடலைங்க."

"அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?"

"சுடாம இருக்குதுங்க. அதான் கம்ப்ளைன்ட்."

வந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பிறகு இதற்கென்றே பயிற்சி எடுத்த ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் தூரமாக அனுப்பிவிட்டு, என்ன செய்தார்களோ, குழாயைக் காலி செய்தார்கள். செங்கல் தூளுக்கு அடியில் கயிற்று நார், அதற்கடியில் கறுப்பு மருந்து. மேலே உப்பு பாறையாகிவிட்டதால், பின்னால் மெழுகும் இருந்ததால், அடிவரை ஈரம் இறங்கவே இல்லை. காய்ந்து இருந்தது. அவர்களில் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "குச்சி விட்டது சரி. குறையுதுன்னு தெரிஞ்ச அப்புறம் நோண்டாதீங்க" என்றார். இதை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் எழுந்து தூரப் போய்ப் போன் போட வேண்டும். அதற்குமேல் நம் வேலை இல்லை.

விழா பீரங்கி இல்லாமல் நடந்தது. குழாய் ஸ்டேஷனில் தங்கிவிட்டது. கடைசியாக நான் பார்த்தபோது அங்கே ஒரு கதவுக்கு முட்டாக இருந்தது.

எனக்கு ஒன்றுதான் அடங்கவில்லை. மருந்து கெட்டித்தவர் ஏன் வெடிக்காமல் விட்டார்? உப்பள முதலாளியிடம் விசாரித்தேன். பழைய இரும்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு சின்னப் பள்ளிவாசலில் முன்பு மோதினாராக இருந்தவரைக் கண்டுபிடித்தேன். பாங்கு சொல்வது, பள்ளியைத் திறந்து மூடுவது, வேட்டுப் போடுவது எல்லாம் ஒரு காலத்தில் அவர்தான். மகன் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சலாம் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அது இன்னும் போகலையா?" என்றார்.

"போகல மாமு. ஏன் கெட்டிச்சு அப்படியே விட்டீங்க?"

"இருபத்தொம்பதாம் நோன்பு தொறக்க வேட்டுப் போட்டேன். மறுநாளைக்கு வேணுமேன்னு அப்பவே கெட்டிச்சு வெச்சிட்டேன். எப்பவும் அப்படித்தான். கடைசி நேரத்துல கை நடுங்கக் கூடாது பாரு. அப்புறம் பாத்தா வெளியூர்ல பிறை தெரிஞ்சதா சேதி வந்துடுச்சு. நகரா அடிச்சு விடிஞ்சா பெருநாள்னு சொல்லிட்டாங்க. முப்பதாவது நோன்பே இல்லாம போச்சு."

"சரி, அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் சைரன் வாங்கிட்டாங்க. குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க." ஒரு வெங்காயத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "என்னை யாரும் கேக்கல."

நான் கோபப்பட்டுப் பேசத்தான் போயிருந்தேன். எழுமலையைப் பற்றிச் சொன்னேன். பட்டறையைப் பற்றி, கிளாம்பைப் பற்றி, பீடியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மருந்து காஞ்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மெழுகு நான்தான் வெச்சேன்" என்றார். அவர் முகத்தில் நல்ல திருப்தி. டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

ஆகையால் ரஹீமா, பழசா டூப்பா என்பது பில் போடுவதற்கான கேள்வி. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் இந்தச் சாமான் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று கேள். அடுத்தது, அந்த வேலையை அது முடித்துவிட்டதா என்று கேள். இரண்டாவதற்குப் பதில் தெரியாத சாமானை யார் கையிலும் கொடுக்காதே, முக்கியமாக, நம் வார்த்தையை நம்பி வேறெதுவும் கேட்காத ஆளின் கையில்.

எழுமலை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு நான் ஒரு இரும்புக் கட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு காலையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பாய், இதுக்கு நோன்பு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். இன்றுவரை அதைத்தான் கேட்கிறான். கேட்கட்டும். அவன் கேட்கிறவரைக்கும் எனக்கு நிம்மதி.

மோதினாரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கடை சாத்தும் நேரம். எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, எழுமலையின் பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த அந்த மூங்கில் குச்சியை எடுத்தேன். நீங்கள் ஒட்டடைக்கு வைத்திருக்கிறீர்களே, கதவுக்குப் பின்னால், அதுதான். கடையில் வாய் உள்ள சாமான் ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தேன். பித்தளை அண்டா, பால் கேன், ஊதுகுழல், கப்பல் விளக்கு, பூச்சாடி எல்லாவற்றுக்கும் உள்ளே விட்டு, விரலால் அளவு பிடித்து, வெளியே வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மூக்கு உடைந்த ஒரு காப்பிக் கெண்டி மட்டும் இரண்டு விரற்கடை குறைந்தது.

அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் மணலில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பாங்கு சொல்லி முடித்தார்கள். பிறகு எழுந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கெண்டியைக் கவிழ்த்தேன். பழைய பேப்பரைச் சுருட்டிய உருண்டை ஒன்று விழுந்தது.

அதைக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன்.